கையில் காசு குறைவு, கடலில் போட்டி: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

வாசகர் எழுதிய கடிதம் நீளமானது, அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, தாங்கள் வழக்கமாக அலைச்சறுக்கும் கடற்கரையில் ஒரே நாளில் முடியும் சிறிய சர்ஃபிங் போட்டி ஒன்றை நடத்த விரும்புகிறார்கள். 40 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம், அதில் 12 பேர் பதினெட்டு வயதுக்குக் கீழே. நுழைவுக் கட்டணம் வாங்கி அதையே பரிசுத்தொகையாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு ஸ்பான்சர், அலைச்சறுக்குப் பலகை (போர்டு) ஒன்றைப் பரிசாகத் தரச் சம்மதித்திருக்கிறார், ஆனால் தேதி மாறக் கூடாது என்பது அவர் நிபந்தனை. “கடற்கரை எல்லாருக்கும் பொது, அனுமதி எதற்கு?” என்கிறார் ஒரு நண்பர். “எல்லாரிடமும் பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் நம்மை யாரும் கேட்க முடியாது” என்கிறார் இன்னொருவர். “நாம் எல்லாரும் நன்றாக நீந்துகிறவர்கள்தானே, தனியாக உயிர்காப்பாளர் வேண்டாம், 2023இல் ஹவாயில் வேலையில் இருந்த உயிர்காப்பாளரே போட்டியிலும் ஜெயிக்கவில்லையா?” என்பது மூன்றாமவர் வாதம். கடிதம் எழுதியவருக்குத் தூக்கம் வரவில்லை. “பணமும் இல்லை, பயமும் இருக்கிறது. எதைக் குறைப்பது? இல்லை, விட்டுவிடவா?” என்று கேட்டிருக்கிறார்.

விட்டுவிட வேண்டாம். நான் வழக்கறிஞர், விளையாட்டு நிகழ்ச்சிகளில் நடந்த விபத்து வழக்குகளைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சிறிய போட்டிகள் கெட்டுப்போவது பணம் குறைந்ததால் அல்ல. இருக்கிற கொஞ்சப் பணம் தவறான இடத்துக்குப் போவதாலும், “நிறுத்து” என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொல்ல ஆள் இல்லாததாலும்தான். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் உங்கள் போட்டி நடக்கும், நன்றாகவே நடக்கும். நண்பர்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்து அந்தப் பாதியில்தான்.

கடற்கரை பொதுதான், ஆனால்

உங்கள் நண்பரின் எண்ணம் மிகப் பழையது. கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் எல்லாருக்கும் பொது என்று எழுதியிருக்கிறது. உலகின் பல சட்டமுறைகள் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் பொது என்றால், நீங்கள் போய் அலையேறலாம் என்றுதான் அர்த்தம். கட்டணம் வாங்கி, கொடி நட்டு, ஒலிபெருக்கி வைத்து, 40 பேரை நேரம் குறித்து இறக்கும்போது நீங்கள் அங்கே வந்து போகும் ஆள் இல்லை, நிகழ்ச்சி அமைப்பாளர். அதற்குக் கடற்கரையை நிர்வகிக்கும் அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி அநேகமாக எல்லா இடத்திலும் வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் பெரும்பாலும் காப்பீடும் செல்லாது, அபராதத்தைவிடப் பெரிய அடி அது.

பொது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அன்று காலை வழக்கம்போல அலையேற வருகிறவர்களை “போட்டி நடக்கிறது, வெளியே போங்கள்” என்று விரட்ட உங்களுக்கு உரிமை இல்லை, அனுமதிக் கடிதத்தில் அந்தப் பகுதி உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தால் ஒழிய. ஆகவே விண்ணப்பத்தில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று கேளுங்கள், சின்ன வரைபடம் போட்டு இணையுங்கள். அங்கே தொழில் செய்கிற மீனவர்களிடமும் தினமும் வருகிற அலைச்சறுக்காளர்களிடமும் ஒரு மாதம் முன்பே நேரில் போய்ப் பேசுங்கள். இதற்குப் பைசா செலவில்லை, நான் பார்த்த தகராறுகளில் பாதி, முன்கூட்டியே சொல்லாததால் வந்த மனத்தாங்கல்தான்.

கையெழுத்து கவசம் அல்ல

பொறுப்பு விலக்குப் படிவம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அலையில் விழுவது, தன் போர்டே தன் மேல் மோதுவது, போர்டின் அடியில் இருக்கும் ஃபின் (துடுப்பு) கிழிப்பது, இவையெல்லாம் அந்த விளையாட்டோடு கூடப் பிறந்த ஆபத்துகள். தெரிந்தே ஏற்றுக்கொண்டார் என்று நீங்கள் வாதாட அந்தக் கையெழுத்து உதவும். ஆனால் தாழ்நீர் நேரத்தில் பாறை வெளியே தெரிகிற இடத்தில் ஹீட்டை (சில பேர் ஒன்றாக இறங்கிப் போட்டியிடும் குறித்த நேரச் சுற்று) நடத்தினீர்கள், மின்னல் அடிக்கும்போதும் நிறுத்தவில்லை, மீட்க ஆள் வைக்கவில்லை என்றால் அது விளையாட்டின் ஆபத்து அல்ல, உங்கள் அலட்சியம். கடுமையான அலட்சியத்துக்குக் கையெழுத்தைக் காட்டித் தப்பிக்கப் பெரும்பாலான நீதிமன்றங்கள் விடுவதில்லை.

அந்த 12 பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வயது நிரம்பாதவர் போடும் கையெழுத்து பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. பெற்றோர் போடும் கையெழுத்து, பிள்ளை கலந்துகொள்ள அனுமதி என்ற அளவில் நிற்கும், ஆனால் பிள்ளைக்குச் சொந்தமான இழப்பீட்டு உரிமையைப் பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதே பல நாடுகளின் நிலை. வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவும் பல இடங்களில் அந்தப் பிள்ளை பெரியவனான பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அதனால் போட்டி முடிந்ததும் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருக்கிறதா, அவசரத்துக்கு யாரை அழைப்பது, படம் எடுத்து வெளியிடலாமா என்ற கேள்விகளையும் சேருங்கள். உண்மையில் அன்றைக்கு உயிருக்கு உதவப் போவது அந்த வரிகள்தான், பொறுப்பு விலக்கு வரி அல்ல.

அப்புறம், நீங்கள் நாலு பேரும் பதிவு செய்த அமைப்பு இல்லை என்றால், ஏதாவது நடந்தால் பொறுப்பு உங்கள் நாலு பேரின் சொந்தத் தலையில் விழும், அதிலும் வசதி உள்ளவரிடமிருந்தே முழுத் தொகையையும் கேட்கலாம். ஏற்கனவே பதிவு பெற்ற ஒரு சர்ஃப் கிளப்பின் பெயரில் போட்டியை நடத்துவது இதற்கு மலிவான வழி. சர்வதேச சர்ஃபிங் சங்கத்தில் 100க்கும் மேற்பட்ட நாடுகளின் கூட்டமைப்புகள் உறுப்பினராக இருக்கின்றன. உங்கள் நாட்டுக் கூட்டமைப்போடு இணைந்த கிளப் என்றால் காப்பீடும், பயிற்சி பெற்ற நடுவரும் அந்த வழியாகக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். தனியாகக் காப்பீடு எடுத்தால் மூன்று விஷயத்தைப் பாலிசியில் விரலை வைத்துப் படியுங்கள்: தண்ணீரில் நடப்பது விலக்கப்பட்டிருக்கிறதா, தன்னார்வலர்கள் உள்ளே வருகிறார்களா, ஒரு போட்டியாளரால் இன்னொரு போட்டியாளருக்கு வரும் காயம் சேருகிறதா.

அந்த ஹவாய் கதை

உங்கள் மூன்றாவது நண்பர் சொன்னது நிஜம். வைமியா விரிகுடாவில், அங்கே உயிர்காப்பாளராக இருந்த எடி ஐகாவ் நினைவாக நடக்கும் போட்டியில் 2023 ஜனவரியில் லூக் ஷெப்பர்ட்சன் வென்றார், அன்று அவர் உயிர்காப்புப் பணியில்தான் இருந்தார். ஆனால் அவர் அங்கே தனி ஆள் இல்லை. ஒரு முழுக் குழு பணியில் இருந்தது, இவர் தன் ஹீட்டுக்கு இடைவேளை எடுத்துக்கொண்டு இறங்கினார், மற்றவர்கள் கண்ணை எடுக்காமல் கரையில் நின்றார்கள். அந்தக் கதை உங்கள் நண்பர் கட்சிக்குச் சாட்சி சொல்லவில்லை, எதிர்க்கட்சிக்குத்தான் சொல்கிறது. நன்றாக நீந்துவது வேறு, மயங்கிக் கிடக்கும் ஒருவரை அலைக்கு நடுவில் போர்டில் ஏற்றி, கழுத்தை அசைக்காமல் கரை சேர்ப்பது வேறு.

என் கணக்கில் குறைந்தது இப்படி: மீட்புப் பயிற்சி பெற்ற இரண்டு பேர், மீட்பு போர்டோடு, ஒவ்வொரு ஹீட்டிலும் வேறு எந்த வேலையும் இல்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கரையில் முதலுதவி தெரிந்த ஒருவர் வேண்டும். அவருக்கு, மூழ்கியவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மூழ்கியவரின் இதயம் நிற்பது ஆக்சிஜன் இல்லாததால்தான், மார்பை மட்டும் அழுத்தினால் போதாது. ஒவ்வொருவரும் இறங்கும் முன் லீஷை, அதாவது காலையும் போர்டையும் இணைக்கும் கயிற்றை, கையால் இழுத்துப் பாருங்கள். லீஷ் அறுந்தால் ஆளுக்கு மட்டுமல்ல, கரையோரம் குளிக்கும் குழந்தைக்கும் அந்த போர்டு ஆயுதம் மாதிரிதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் பின்னால் ஆலோசனை சொன்ன ஒரு சின்னப் போட்டியில் ஒரு பையனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, வந்து மணலுக்குப் போகும் பாதையின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்றது. கேட்டில் பூட்டு. சாவி வைத்திருந்த அமைப்பாளர் அப்போது தன் ஹீட்டில், கரையிலிருந்து வெகு தூரத்தில் அலைக்காக உட்கார்ந்திருந்தார். கரையில் இருந்தவர்கள் துண்டை வீசிக் கூப்பிட்டதை, உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினாராம். பையன் அந்த நேரமெல்லாம் மணலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அவனுக்குப் பெரிய சேதம் இல்லை. அதே இடத்தில் மூச்சு நின்ற ஒருவர் இருந்திருந்தால் என்று நான் இன்றும் யோசிப்பேன்.

நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். போட்டியில் கலந்துகொள்ளாத, பணப் பொறுப்பும் இல்லாத ஒரே ஒருவரிடம் போட்டியை நிறுத்தும் முழு அதிகாரத்தைக் கொடுத்து அதை எழுத்தில் வையுங்கள். அவர் நிறுத்து என்றால் நிறுத்துவதுதான், யாரும் பேரம் பேசக் கூடாது. எப்போது நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாரும் வெளியே, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. மீட்பாளர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் ஹீட் தொடங்காது. நடுவர்களுக்கு ஆள் கண்ணில் படாத மழையோ பனியோ வந்தால் நிறுத்தம். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் இடம் மாறி, திரும்பத் திரும்ப ஆட்களைப் போட்டி எல்லைக்கு வெளியே கொண்டுபோனாலும் நிறுத்தம்தான்.

இங்கேதான் உங்கள் ஸ்பான்சர் நிபந்தனை எனக்கு உறுத்துகிறது. தேதி மாறக் கூடாது என்று கையெழுத்துப் போட்டால், கடல் மோசமாக இருக்கும் அந்தக் காலையில் நிறுத்த வேண்டியவரின் கையை நீங்களே கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அவரிடம் மரியாதையாக இதைச் சொல்லுங்கள்: டோக்கியோ ஒலிம்பிக்கில்கூட, 2021இல், சர்ஃபிங்குக்கு எட்டு நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள், புயலால் நல்ல அலை வருகிறது என்று தெரிந்ததும் இறுதிச்சுற்றை முன்னால் இழுத்து ஜூலை 27ஆம் தேதியே முடித்தார்கள். எடி ஐகாவ் போட்டி 2016க்குப் பிறகு 2023இல்தான் நடந்தது, நடுவில் அலை போதவில்லை, அல்லது மற்ற சூழல் அமையவில்லை. நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது, ஒரே தேதிக்குப் பதில் மூன்று வார இறுதிகள் மட்டுமே. அவற்றில் எது சரியோ அதில் நடத்துவோம், 48 மணி நேரம் முன்பு அறிவிப்போம் என்று போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த போர்டு உங்களுக்கு வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

40 பேர் ஏன் அதிகம்?

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அதைக் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு ஹீட்டில் 4 பேர், 20 நிமிடம், மாற்றத்துக்கு 5 நிமிடம் என்றால் 40 பேருக்கு முதல் சுற்று மட்டுமே 10 ஹீட், அதாவது 4 மணி 10 நிமிடம். அதற்குள் காற்று கடலிலிருந்து கரைக்குத் திரும்பி அலையைக் குலைத்திருக்கும், நீர்மட்டமும் மாறியிருக்கும். 24 பேரை எடுத்துக்கொண்டால் வழக்கமான வெளியேற்ற முறையில் 6, 3, 2, 1 என்று 12 ஹீட், 5 மணி நேரம். ஆனால் இதிலும் பாதிப் பேர் கட்டணம் கட்டி, 20 நிமிடத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான் பரிந்துரைப்பது வேறு. யாரையும் வெளியேற்றாமல் எல்லாருக்கும் இரண்டு ஹீட் கொடுங்கள், ஆட்களை மாற்றிக் கலந்து. மொத்தப் புள்ளியில் முதல் 4 பேர் இறுதிச்சுற்று. கணக்குப் போட்டால் 13 ஹீட், 5 மணி 25 நிமிடம். ஒரே ஒரு ஹீட்தான் கூடுதல், ஆனால் புதிதாக வந்த பிள்ளையும் இரண்டு முறை கடலில் இறங்கியிருப்பான். கடல் அனுமதித்தால் மிச்சம் 16 பேருக்கு அடுத்த வார இறுதி, இல்லையென்றால் அடுத்த முறை. ஆளைக் குறைப்பதால் கட்டண வருமானம் குறையும் என்று பயப்படாதீர்கள், கூடவே செலவும் ஆபத்தும் குறைகின்றன.

நடுவர்களுக்கு மூன்று பேர் போதும், அன்றைக்குப் போட்டியிடாதவர்களாக. சேர்ந்து உட்காரக் கூடாது, பேசிக்கொள்ளக் கூடாது. நான்காவது ஆள் கடலைப் பார்த்து, போட்டியாளரின் ஜெர்சி நிறத்தைச் சொல்லி “சிவப்பு, மூன்றாவது அலை” என்று சத்தமாகச் சொல்ல, ஐந்தாவது ஆள் கூட்டிப் போடுவார். ஒவ்வொரு அலைக்கும் 10க்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் எழுதுவார்கள்: 6.0, 6.5, 6.1 என்றால் சராசரி 6.2. ஒருவருடைய சிறந்த இரண்டு அலைகளைக் கூட்ட வேண்டும். நீலத்துக்கு 6.2, 3.6, மொத்தம் 9.8. சிவப்புக்கு 5.5, 4.5, 3.0, அதில் மேலே உள்ள இரண்டைக் கூட்டினால் 10.0. ஹீட்டின் சிறந்த அலை நீலத்துடையது, ஜெயித்தது சிவப்பு. அதே சிவப்பு, அலை உடையும் முனைக்கு நெருக்கமாக இருந்தவரின் வழியில் குறுக்கே புகுந்திருந்தால் இரண்டாவது மதிப்பெண் பாதியாகிவிடும்: 5.5 கூட்டல் 2.25, வெறும் 7.75. இந்த விதியை முதல்நாளே எல்லாரையும் உட்கார வைத்து இப்படி எண்ணோடு சொல்லிவிடுங்கள், கரையில் நடக்கும் சண்டை முக்கால்வாசி குறையும். மதிப்பெண்ணைப் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், நனைந்த காகிதத்தில் பேனா மை பரவி 6 எது 8 எது என்று தெரியாமல் போகும்.

இனி செலவைப் பற்றி

அனுமதி, காப்பீடு, மீட்பாளர்கள், முதலுதவி: இந்த நாலுக்கும் கையிலிருப்பதில் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சினால்தான் மற்றது. நாலு நிறத்தில் இரண்டு செட் ஜெர்சி வேண்டும், ஒரு செட் கடலில் இருக்கும்போது அடுத்த செட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நிற்பார்கள், இதைக் கிளப்பிடம் இரவல் கேளுங்கள். ஒரு ஹாரன், பச்சை, மஞ்சள் துணிக் கொடி இரண்டு, காற்று அடிக்கும்போது ஹாரன் சத்தம் உள்ளே கேட்காது, கொடிதான் பேசும், மஞ்சள் ஏறினால் கடைசி 5 நிமிடம். மேடை, பனியன், அச்சடித்த பேனர், வீடியோ எதுவும் வேண்டாம். பாட்டும் வேண்டாம், பொது இடத்தில் பதிவுப் பாடல் போடுவதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டியிருக்கும், வாங்காமல் போட்டால் தண்டம். அறிவிக்க ஒரு மெகாஃபோன் போதும்.

பணப் பரிசை அறிவிக்காதீர்கள். அறிவித்த தொகை வாக்குறுதி. 24 பேர் பதிந்து 15 பேர் பணம் கட்டினாலும் அந்தத் தொகையை நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும். அதோடு, பணம் வந்தால் நடுவர் மீது வருகிற புகாரின் சூடும் ஏறும். கட்டணம் எதற்குப் போகிறது, போட்டி ஒரேயடியாக ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், தானாக விலகினால் என்ன என்பதைக் கட்டணம் வாங்கும் முன்பே பதிவுப் படிவத்தில் எழுதிவிடுங்கள், வாங்கிய பிறகு எழுதும் விதி செல்லாது. காப்பீட்டுக்குப் போன பங்கு திரும்பாது, மற்றது திரும்பும் என்று சொன்னால் ஜனங்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பயம் வீண் பயமில்லை, அதைச் சரியான இடத்தில் வைத்தால் அதுவே உங்கள் திட்டம் ஆகிவிடும். இந்த வாரம் மூன்று வேலை போதும்: கிளப்பிடம் பேசுவது, அனுமதி விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குவது, மணலுக்குப் போகும் பாதையில் கேட் இருந்தால் சாவி யாரிடம் என்று விசாரித்து, போட்டி நாளில் கரையை விட்டு நகராத ஒருவரிடம் அதைக் கொடுக்க ஏற்பாடு செய்வது. ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் பதில் வந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.